உருளாமல் வந்த சத்தம்

யட்டியாந்தோட்டை, இலங்கை,
மார்ச் 1982

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

லண்டனில் நீங்கள் செய்த குட்டிச் செயற்கைக்கோளின் சத்தம் இன்று காலையும் நீங்கள் விட்டுப்போன ரேடியோவில் கேட்டது. அந்தப் பெட்டியைத் திருப்பச் சக்கரம் வைத்தால் கனம் என்று செம்புக் கம்பிச் சுருள் வைத்தீர்களே, மின்சாரம் பாய்ந்தால் அது பூமியின் காந்தத்தைப் பிடித்துத் திரும்பும் என்று எழுதினீர்களே, அது பலித்துவிட்டது. இத்தனை நாளும் பெட்டி உருண்டு உருண்டு போனதால் சத்தம் ஏறி இறங்கியது. இன்று ஒரே சீராக வந்தது.

சொல்லிச் சந்தோஷப்பட ஆளில்லை. பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணமும் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டாள். புறப்படும்போது, "அண்ணன் எப்பக்கா வருவாரு?" என்று கேட்டாள். ரப்பர் மரமெல்லாம் துளிர்த்துவிட்டது என்றேன்.

என் கடிதங்கள் கிடைத்திருக்கும். உங்களுக்கு வேலை அதிகம்.

பெட்டியின் முகம் இனி எப்போதும் பூமியைப் பார்த்தபடியே இருக்கும், இல்லையா? அதற்காவது இந்தப் பக்கம் திரும்பக் கற்றுக்கொடுத்தீர்களே.

அதே வீட்டிலிருந்து,
உங்கள் மனைவி