நூற்றிருபது செம்புக் கம்பிகள்

என் அருமை மகளுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மாடிப்படி ஏறிவிடுகிறாள், இறங்கும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள். உன் புது மூக்குக்கண்ணாடி பொருந்துகிறதா என்று நச்சரிக்கிறாள், மறக்காமல் எழுது.

என் வேலை விஷயம். பழைய ஆண்டெனா உனக்குத் தெரியும், இரண்டு கோபுரம், நடுவே துணிக்கொடிபோலக் கம்பிகள். அதை இறக்கிவிட்டேன். இப்போது ஒரே கோபுரம், அதன் மொத்தக் கனமும் அடியில் ஒரு பீங்கான் கட்டையின் மேல். கோபுரமே ஆண்டெனா. வானொலி நிலையத்தில் சிரித்தார்கள். என் கணக்கு சரி, நான் கவலைப்படவில்லை. ஆனால் மேலே நிற்பது பாதிதான். மின்சாரம் மண் வழியாகத் திரும்ப வேண்டும், அதற்குச் செம்புக் கம்பிகளைச் சக்கரத்தின் ஆரங்கள்போலப் புதைக்க வேண்டும். பதினைந்து போதும் என்று முடிவு செய்தேன். தூரத்தில் அளக்க எங்களிடம் கருவி இல்லை, நேயர் கடிதங்கள்தான் கருவி. செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குப் பக்கத்து அறையில் பேசுவதுபோல் கேட்டது என்று நீ எழுதியிருந்தாய். வரைபடத்தில் உன் ஊர்மேல், நன்றாகக் கேட்கிறது என்பதற்கான பச்சைக் குண்டூசியை, நாளும் நேரமும் எழுதிய சீட்டோடு குத்தினேன். உன்னைச் சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் மங்கலாகக் கேட்கிறது என்று எழுதியதை நம்பவில்லை. அது என் தப்பு.

போன வாரம் எங்கள் பெயின்டர், ஆள் நெட்டை என்பதால் ஏணி என்று கூப்பிடுவோம், அந்த வரைபடத்தைப் பார்த்தார். கோபுரத்தில் ஆள் ஏறினால் ஒலிபரப்பை நிறுத்தியாக வேண்டும், தொட்டால் பிணம்தான். அந்தச் செவ்வாய் நாலு மணிக்கு நான் பெயின்ட் அடிக்க உச்சியில இருந்தேன் சார், உங்க பொண்ணுக்கு ஏதாவது கேட்டிருந்தா அது நான் பாடின பாட்டுதான் என்றார். அறையே சிரித்தது. நானும்தான், கொஞ்சம் தாமதமாக.

உன்மேல் கோபமில்லை. ஒவ்வொரு கடுதாசியிலயும் கேக்குதா கேக்குதான்னு உசுர எடுத்தா புள்ள வேற என்னங்க எழுதும் என்று உன் அம்மா கேட்டாள். நியாயம்தான். தலைமைப் பொறியாளரிடம் நானே போய்ச் சொன்னேன். வீட்டுப் பாசத்தையெல்லாம் மேப்ல குத்தாதீங்கய்யா என்றார். இன்னொரு சோதனைக்கு ஒப்புக்கொண்டார். தோற்றால் என் கோபுரத்தைப் பிரித்துவிட்டு மறுபடி துணிக்கொடிதான். கொளறினது உங்க பொண்ணு, அவளே பதில் சொல்லட்டும் என்றும் சொன்னார்.

பள்ளம் தோண்டுகிறோம். பதினைந்து போதவில்லை, இந்த முறை நூற்றிருபது கம்பி, எண்பது புதைத்தாகிவிட்டது. கோபுரத்தடியில் உள்ள மீட்டரின் முள் நேற்றே ஏறத் தொடங்கிவிட்டது. கேட்கும். எனக்குச் சந்தேகமில்லை.

வருகிற வெள்ளி காலை பதினொரு மணி. உன் ரேடியோவின் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் இறுக்கிக் கட்டு. பத்து நிமிடம் வெறும் எண்களாக வாசிப்பேன். கேட்டதை எழுது, கேட்காத இடத்தில் கோடு போடு, அன்றே தந்தி கொடு. கோடாகவே வந்தாலும் அதையே அவரிடம் காட்டுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் நினைவில் வை. வாசிப்பது அப்பா என்பதை அந்தப் பத்து நிமிடம் மறந்துவிடு.

அன்புடன்,
உன் அப்பா