வெளியே கேட்காத அறை

மேடம்,

குமுளியில் எதைத் தொட்டாலும் ஏலக்காய் மணக்கிறது. நேற்று ஒரு வியாபாரக் கம்பெனி ஆபீஸில் ஃபால்ஸ் சீலிங்குக்குள் தலையை விட்டேன். அங்கே படிந்திருந்த தூசியிலும் அதே மணம். வாங்க வருகிறவர்கள் பக்கத்து அறையில் தங்களுக்குள் விலை பேசுவது வெளியே இருப்பவர்கள் காதில் விழக் கூடாதாம். அதற்காக என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஸ்பீக்கர்களை மாட்டிவிட்டு ஆம்ப்ளிஃபையரைப் போட்டேன். அந்த ‘ஸ்ஸ்’ மெல்லக் கிளம்பியதும் ஏணியில் அப்படியே நின்றுவிட்டேன். உங்கள் நினைவுதான். செத்துப்போனவருக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் எழுதாமல் அடுத்த ஸ்க்ரூவை முடுக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கஞ்சிக்கோட்டில் நம் கம்பெனியின் பழைய ஆபீஸ் வெறும் தகரக் கொட்டகைதான். மலைக் கணவாய்க் காற்று வருஷத்தில் பாதி நாள் அதைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலில் ஒரு மேஜைப் பேச்சு அடுத்த மேஜைக்குப் போகாது. அதை ஒரு வசதியாக யாரும் நினைத்ததில்லை. பிறகு புதுக் கட்டடம் வந்தது. ஏ.சி. வந்தது, ஜன்னல்களை அடைத்தார்கள். நீளமாக ஒரே ஹால், அதன் கோடியில் கண்ணாடி ஜன்னல் வைத்த பிளைவுட் தடுப்புப் போட்டு வெல்ஃபேர் ஆபீசரான உங்களுக்கு ஒரு அறை. தடுப்பு ஃபால்ஸ் சீலிங் வரைக்கும்தான். அதற்கு மேலே உங்கள் அறைக்கும் ஹாலுக்கும் பொதுவாக ஒரே வெற்றிடம். காற்றுச் சத்தம் செத்துப்போன அந்த ஹாலில், உங்கள் அறையில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினால் டைப்பிஸ்டுகள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

சுருள் சுற்றும் வைண்டிங் செக்‌ஷனில் வேலை பார்த்த சரசு, வேலந்தாவளத்துப் பெண், ஒரு நாள் காலையில் உங்களிடம் வந்து தன் சூப்பர்வைசரின் கை எங்கெங்கே வருகிறது என்று சொன்னாள். மத்தியானச் சோற்றுக்குள் அது ஃபாக்டரி முழுக்கத் தெரிந்துவிட்டது. சூப்பர்வைசரின் மேஜை ஹாலில்தான் இருந்தது. அவரே கேட்டிருப்பார். மறுநாள் சரசு வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை.

நீங்கள் நேராக என் பெஞ்சுக்கு வந்தீர்கள். நான் டிப்ளமோ படித்தவன், மெயின்டனன்ஸில் அப்ரென்டிஸ். ஆனால் கல்பாத்தியிலிருந்து வரும் நீங்கள் ஆரம்பத்திலிருந்தே என்னைக் கேலியாக ‘எஞ்ஜினியரே’ என்றுதான் கூப்பிட்டீர்கள்.

“எஞ்ஜினியரே, என் ரூமுக்குப் பஞ்சு வெச்சு அடைக்க முடியுமா? உள்ள பறையறது வெளியில கேக்கப்படாது.”

பஞ்சு எதிரொலியைத்தான் குறைக்கும், பேச்சைத் தடுக்காது, சுவரை மேல் கான்கிரீட் வரைக்கும் கொண்டுபோக வேண்டும் என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். ஏ.சி. குழாய் போகிற வழி அது, சுவர் கூடாது என்று மேனேஜர் மறுத்தார். அப்படியானால் ஹாலில் சத்தத்தைக் கூட்ட வேண்டும் என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்து உங்களுக்குக் கோபம் வந்தது. பழைய கொட்டகையைச் சொன்ன பிறகுதான் புரிந்துகொண்டீர்கள். ஜன்னலை அடைத்து வெளியே துரத்திய காற்றைத் திரும்ப உள்ளே கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

எந்தச் சத்தம் என்பதில்தான் சூட்சுமம். ரேடியோ போடலாம் என்றார் மேனேஜர். பாட்டென்றால் ஜனங்கள் காது கொடுப்பார்கள், காது கொடுத்தால் பேச்சும் விழும் என்றேன். மின்விசிறிக்கு ஒரு தாளம் உண்டு, தாளம் இருந்தால் இடைவெளியும் இருக்கும், அந்த இடைவெளியில் வார்த்தை நுழைந்துவிடும். வேண்டியது எழும்பாமல் தணியாமல் பேச்சின் உயரத்திலேயே பரவிக் கிடக்கிற இரைச்சல். சர்க்யூட்டில் டிரான்சிஸ்டர் ஒன்றைத் தலைகீழாக இணைத்தால் அது தானாகவே அப்படி இரையும். கீச்சென்ற பகுதியை வடிகட்டி, ஆம்ப்ளிஃபையரில் ஏற்றி, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஸ்பீக்கர்களைக் கான்கிரீட்டைப் பார்த்து மல்லாத்தித் தொங்கவிட்டேன். சத்தம் மேலே மோதிப் பரவித்தான் கீழே இறங்க வேண்டும், இன்ன இடத்திலிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியக் கூடாது.

இதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும் என்று படித்திருந்தேன். எனக்கு ஏது பொறுமை? ஒரு திங்கட்கிழமை காலையில் முழு அளவில் போட்டுவிட்டேன்.

முதல் நாள் எல்லோரும் காதைத் தடவிக்கொண்டார்கள். அடுத்த நாள் டைப்பிஸ்ட் ஒருவர் ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி ஹாலின் நடுவில் நின்றுவிட்டார். மேலே யாரோ தன் கூடவே நடக்கிறார்கள் என்றார். தான் நின்றால் அதுவும் நிற்கிறதாம், தலையைச் சாய்த்தால் மேலே இருப்பது குனிந்து பார்க்கிறதாம். சிரித்தவர்களும் நடந்து பார்த்தார்கள். சிரிப்பு நின்றது. பியூன் ஹாலின் நான்கு மூலையிலும் சூடம் கொளுத்தினார். குட்டிச்சாத்தான் என்றார்கள் சிலர். சரசுதான் நடக்கிறாள் என்று எப்படியோ ஒரு பேச்சுக் கிளம்பியது. சரசு உயிரோடு தன் ஊரில் மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தாள். அதை யாரும் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. சூப்பர்வைசர் தன் மேஜையை ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

எல்லாவற்றையும் கழற்றி எறியச் சொல்லிவிட்டார் மேனேஜர். அன்றைக்கு நீங்களும் ஹாலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்துவிட்டு வந்தீர்கள்.

“நெஜமாவே ஆரோ நடக்கறா.”

“இல்லைங்க மேடம். ஒரே சத்தத்தத்தான் எல்லா ஸ்பீக்கருக்கும் குடுத்திருக்கேனுங்க. ரெண்டு ஸ்பீக்கருக்கு நடுவுல போனா ஒண்ணு முந்தி வருது, ஒண்ணு பிந்தி வருது. நீங்க நகர நகர அந்த வித்தியாசமும் நகருது. அதான் கூடவே வர்ற மாதிரி இருக்குது.”

மேலே பார்த்தபடியே இன்னும் இரண்டடி வைத்துப் பார்த்தீர்கள்.

“அப்போ மேல நடக்கறது நாந்தானாக்கும்.”

இரைச்சலுக்கு இரண்டு தனித்தனி மூலங்கள் வைத்து ஒன்றுவிட்டு ஒரு ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் அந்த நடை போய்விடும். சிக்கனமாகவும் சீக்கிரமாகவும் முடிக்கப் பார்த்து ஒன்றோடு நிறுத்தியிருந்தேன். அதைச் சொன்னதும் நீங்களே மேனேஜரிடம் போய் வாதாடினீர்கள். வைண்டிங்கிலேயே கமலம் என்ற இன்னொருத்தி பேசத் தயாராக இருக்கிறாள், வெளியே கேட்காது என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றீர்கள். மேனேஜர் அரை மனதாகச் சரி என்றார். ஹாலில் எல்லோரிடமும் சாமானைக் கழற்றியாயிற்று என்று சொல்லிவிட வேண்டும் என்பது உங்கள் யோசனை. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாவது மூலத்தைக் கட்டினேன். இந்த முறை காதுக்கே எட்டாத அளவில் ஆரம்பித்து, காலையில் யாரும் வருவதற்கு முன்னால் குமிழை ஒரு மயிரிழை திருப்பிவிட்டுப் போவேன். கார்த்திகை பிறந்திருந்தது. வெளியே கிழக்குக் காற்று எழும்பி, ஷெட்டுக்குப் பின்னால் பனையோலைகள் அடித்துக்கொள்ளத் தொடங்கியிருந்தன. உள்ளே முழு அளவு வந்த பிறகும் ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. காற்றுக் காலம் வந்துவிட்டது, இனி வெயில் தெரியாது என்று டைப்பிஸ்டுகள் பேசிக்கொண்டார்கள். ஜன்னல்கள் இறுக அடைத்திருந்தன. அந்தக் கண்ணாடி வழியாக ஒரு பொட்டுக் காற்றுச் சத்தம்கூட உள்ளே வராது. இல்லாத காற்றை ஒரு ஹால் நிறைய ஜனங்கள் ஒன்றாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஆனால் உங்களுக்கு நடை நிற்கவில்லை.

இன்னும் கேட்கிறது என்றீர்கள். இரண்டு மூலம் இருக்கும்போது அப்படி வரவே முடியாது என்றேன். உங்களையும் நடக்கவைத்து, சத்தம் அளக்கும் மீட்டரோடு நானும் கூட நடந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, மீட்டரிலும் ஒன்றும் இல்லை. கடைசியில் ஒரு சாயங்காலம், எல்லோரும் பஸ்ஸுக்குப் போன பிறகு, எரிச்சலோடு மெயினையே அணைத்தேன். ஹால் சட்டென்று நம் மேல் வந்து விழுந்த மாதிரி ஒரு அமைதி. பியூன் வாசலில் சாவியை ஆட்டுவது பக்கத்திலேயே கேட்டது.

“இப்பவும் நடக்கறது,” என்றீர்கள். நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தீர்கள். “நான் நடக்கல்லை. அது நடக்கறது. கேட்டயா, இப்படி.”

பென்சிலால் மேஜையில் தட்டிக் காட்டினீர்கள். டொக், டொக், டொக். முதலில் பென்சிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தற்செயலாக உங்கள் கழுத்தில் கண் போனது. அங்கே ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. பென்சிலும் அதுவும் ஒன்றாக.

எனக்கு நாசூக்காகச் சொல்லத் தெரியாது. “மேடம், அது உங்க நாடிங்க. தலைக்குள்ள என்னமோ கோளாறு. நாளைக்கே கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போங்க,” என்றேன்.

நீங்கள் பயப்படவில்லை. ஒரு கணக்குச் சரியாகிவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டீர்கள். கமலம் விஷயம் முடியட்டும், போகிறேன் என்றீர்கள்.

கமலம் லேசில் நம்பவில்லை. “சரசு சொன்னது அன்னைக்கே ஊருக்குள்ள வந்துருச்சுங்களே,” என்றாள். அதனால் அவளை ஹாலில் உங்கள் கதவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, என்னை அறைக்குள் அனுப்பிச் சத்தமாகப் பேசச் சொன்னீர்கள். என்ன பேசுவது? பேப்பரில் இருந்த நெல் விலையை வாசித்தேன். வெளியே வந்து என்ன கேட்டது என்றேன். “காத்துத்தானுங்க கேட்டுது,” என்றாள். அப்புறம் அவள் உள்ளே போனாள். நான் வெளியே உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் சூப்பர்வைசர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குள் அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், உங்கள் கை அவள் கைமேல் போனது. ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. சூப்பர்வைசர் இன்னொரு டீ சொன்னார்.

சூப்பர்வைசர் மேல் வைத்த விசாரணை இழுத்துக்கொண்டே போனது. நீங்கள் பக்கத்தில் இல்லாவிட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்று கமலம் அடம்பிடித்தாள். நீங்களும் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. நடை எப்படி இருக்கிறது என்று நான் கேட்கும்போதெல்லாம், இப்போது செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கிறது என்பீர்கள். எனக்குச் சிரிப்பு வராது. சூப்பர்வைசரை வேலையை விட்டு நிறுத்திய மறுநாள்தான் கோயமுத்தூருக்குப் போனீர்கள். டாக்டர் காதுக்குப் பின்னால் குழாயை வைத்துப் பார்த்தாராம், அவருக்கும் கேட்டதாம்.

“உன் மீட்டருக்குக் கேக்கல்லை. அவர் கொழாய்க்கு நன்னாக் கேட்டுது,” என்றீர்கள், ஏதோ என்னை ஜெயித்துவிட்ட மாதிரி. ரத்தக்குழாய் ஒன்று வீங்கியிருக்கிறது, மெட்ராஸில் ஆபரேஷன் செய்ய வேண்டும். இரண்டு வேலை பாக்கி, முடித்துவிட்டுக் கிளம்புகிறேன் என்று மறுபடியும் வந்து உட்கார்ந்தீர்கள்.

அன்றைக்கு மத்தியானம் ஹால் நிறைய ஆட்கள். நான் உங்கள் கதவுக்குப் பக்கத்து சுவிட்ச் போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கண்ணாடிமேல் திரையை இழுத்துவிட்டிருந்தீர்கள், யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்று நினைத்தேன். டீ கொண்டுபோன பியூன்தான் கதவைத் திறந்தார். நீங்கள் நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்தீர்கள். நாற்காலி சாய்ந்திருந்தது. தண்ணீர் ஜக் உடைந்து சிதறியிருந்தது. பித்தளை ஸ்டாண்டோடு விழுந்திருக்கிறது மேடம், அது விழுந்த சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. தடுப்பின் இந்தப் பக்கம், ஒரு கை தூரத்தில்தான் இருந்தேன்.

வீங்கியிருந்த குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். விழுந்த பிறகும் நினைவு இருந்து கூப்பிட்டிருப்பீர்களா, எவ்வளவு நேரம் கூப்பிட்டிருப்பீர்கள் என்று அவரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். ஹாலில் எல்லோரையும் கேட்டேன். காற்றுத்தான் கேட்டது என்றார்கள்.

உங்கள் காரியமெல்லாம் முடிந்த பிறகு மேனேஜர், போதும், அணைத்துவிடு என்றார். நானும் ஒயரை வெட்டுவதற்குக் கட்டிங் பிளேயரோடுதான் போனேன். கமலம் ஷிஃப்டிலிருந்து ஓடிவந்து ஏணிக்குக் கீழே நின்றாள்.

“நிறுத்தீராதீங்க. அடுத்த புள்ளைக்கு ஒண்ணுன்னா அவ எங்க போயிச் சொல்லுவா?”

நீங்கள் இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பீர்கள் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. கீழே இறங்கினேன். அன்றைக்கே மேஜைக்கு அடியில், விழுந்து கிடந்தாலும் கை எட்டும் உயரத்தில் ஒரு பெல் பட்டன் பதித்தேன், மணியை ஹாலில் மாட்டினேன். இப்போது இதுவே என் தொழில், எந்த ஊருக்குப் போனாலும் முதலில் பெல், பிறகுதான் சத்தம். பெல் எதற்கு, அதற்குத் தனியாகக் காசு தர மாட்டோம் என்கிறவர்களிடம் சண்டை போடுகிறேன். வேண்டாம் என்றால் சாமானைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறேன்.

உங்கள் அறையில் இப்போது வேறொருவர் இருக்கிறார். பெண்கள் வருகிறார்கள், கதவைச் சாத்திக்கொள்கிறார்கள், வாய் அசைகிறது, போகிறார்கள். கமலம் உங்களிடம் என்ன சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நீங்கள் கடைசியில் என்னைக் கூப்பிட்டீர்களா என்பதும் தெரியாது. நான் கட்டிய அறை இரண்டையும் ஒரே மாதிரிதான் உள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறது.