சந்தனம் வைத்த ரெக்கை

மச்சான்,

இன்றைக்கு ஆயுத பூசை. பட்டறையைக் கழுவி, ஸ்பேனர்களைத் துடைத்து, சாக்கின் மேல் அடுக்கி வைத்திருந்தேன். என் வீட்டுக்காரி செல்வி பித்தளைக் கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் வலது கை தானாக முன்னால் நீண்டுவிட்டது. நீட்டிய பிறகுதான் எதிரில் நீ இல்லை என்பது உறைத்தது.

செல்வியும் அதைப் பார்த்துவிட்டாள். கிண்ணத்தை பெஞ்சில் வைத்துவிட்டுத் தேங்காய் எடுக்க உள்ளே போனாள். சட்டென்று கையை மடக்கி மறைத்துக்கொள்ளலாம் என்றால் இந்த ஆட்காட்டி விரலும் நடுவிரலும்தான் மடங்காதே. கொஞ்ச நேரம் பைத்தியக்காரன் மாதிரி நீட்டிய கையோடு நின்றேன். அப்புறம் பூசையை நிறுத்தி வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். நான் பேனா பிடிக்கிற அழகைப் பார்த்தால் நீ சிரிப்பாய்.

கொழும்புப் பக்கம் கராஜில் ஜாக் சறுக்கிக் கை நசுங்கி, நான் லிந்துலைக்குத் திரும்பி வந்த காலம் உனக்கு நினைவிருக்கும். ஸ்பேனர்கள் கிடந்த ஆயுதப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிச் சாக்கைப் போட்டு மூடினேன். செல்வி தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனாள். நான் எங்கள் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னாலிருந்த பாத்தியில் களை பிடுங்குகிறேன் என்று களையோடு லீக்ஸையும் பிடுங்கிப் போட்டேன். ஆறுதல் சொல்ல வந்தவர்களிடம் எரிந்து விழுந்தேன். கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில்தான். அந்த நாட்களில் அது அங்கேயே குடியிருந்தது. நீ ஒருவன்தான் தலவாக்கலையிலிருந்து மீன் வைத்த மாலு பாண் வாங்கிக்கொண்டு விடாமல் வந்தாய். கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாய். நீ வேலை பார்த்த பங்களாவுக்கு வந்த விருந்தாளிகளின் கதைகளைச் சொல்லிவிட்டு, நான் சிரிக்காவிட்டாலும் நீயே சிரித்துவிட்டுப் போவாய்.

அப்படியிருக்க ஒரு நாள் காலையில் லயத்தில் ஒரே கூச்சல். வெளியே வந்து பார்த்தால், தரையோடு தரையாகப் படுத்திருக்கும் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் எங்கள் ரோட்டில் நத்தை மாதிரி வந்துகொண்டிருந்தது. அதன் வயிறு தட்டிவிடாமல் இருக்க ஆளுக்கொரு பலகையைக் குழியில் போடுவதும், கார் தாண்டியதும் எடுத்துக்கொண்டு முன்னால் ஓடுவதுமாக லயமே வேலை பார்த்தது. ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி, வேர்த்து விறுவிறுத்து, உள்ளே நீ.

"என்னடா இது?" என்றேன்.

"மாத்தயாவோட காரு. ரெக்க ஏற மாட்டேங்குது. பாரேன்."

தலவாக்கலைக்கு மேலே பழைய துரை பங்களாவில் நீ டிரைவராகவும் காவலாகவும் இருந்தாய். பங்களாவின் சொந்தக்காரர், உன் சிங்கள முதலாளி மாத்தயா, கொழும்பில் இருந்துகொண்டு, மலை ரோட்டில் ஆசைக்கு ஓட்டுவதற்கென்றே அந்தக் காரை அங்கே நிறுத்தி வைத்திருந்தார். பின்மூடியின் மேல் அகலமான ஒரு ரெக்கை படுத்திருக்கும். சுவிட்சைத் தட்டினால் ஒயில் அழுத்தத்தில் இரண்டு மெல்லிய தண்டுகள் அதை மேலே தூக்கும். வேகமாகப் போகும்போது காற்று அதில் மோதி வண்டியைத் தரையோடு அழுத்துமாம். "நம்ம ரோட்டுக்கு ரெக்க எதுக்குடா, குழியில விழாம இருந்தா போதாதா?" என்று கேட்டேன். நீ சுவிட்சைத் தட்டினாய். பம்ப் முனகியது. ரெக்கை ஒரு பக்கம் கொஞ்சம் எழும்பி, கோணிக்கொண்டு நின்று, மறுபடி படுத்துவிட்டது. இரண்டு தண்டுகளிலும் ஒயில் கசிந்திருந்தது. ஒயிலோடு மஞ்சளாக ஏதோ திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது.

"இது என்ன மஞ்சளா?"

நீ காதைச் சொறிந்தாய். "சந்தனம்."

"சந்தனமா?"

"ஆயுத பூசைக்கு எல்லா வண்டிக்கும் வச்சேன். இத மட்டும் எப்படி விடுறது? பெயின்ட்டுல வச்சா கறை புடிக்கும்னு மாத்தயா ஏசுவாரு. ரெக்கயத் தூக்கிப் பாத்தேன். கீழ ரெண்டு காலும் பளபளன்னு இருந்திச்சி. ரெண்டுக்கும் பட்டை போட்டு, குங்குமமும் வச்சி, சூடங் காட்டினேன்."

"பெறகு?"

"பெறகு ரெக்கய எறக்கிட்டேன்."

நான் சிரித்தேன். கை போனதிலிருந்து சிரிக்காத சிரிப்பெல்லாம் சேர்ந்து வந்தது. காய்ந்த சந்தனமும் குங்குமமும் தண்டோடு உள்ளே போய், மண்ணை வைத்துத் தேய்த்த மாதிரி, ஒயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல்களை அறுத்துவிட்டிருந்தன. உலகத்தில் எந்த நாட்டு மெக்கானிக்கும் இப்படி ஒரு பழுதைப் பார்த்திருக்க மாட்டான். சுவாமிக்குப் பயந்து காரைக் கெடுத்தவன் நீ ஒருவன்தான்.

ஆனால் நீ சிரிக்கவில்லை. "மாத்தயா அடுத்த கிழமை வர்றாரு. அதுக்குள்ள நீதான் சரியாக்கணும்" என்றாய்.

"இந்தக் கையாலயா? கொழும்புக்கு அனுப்பு."

"அனுப்பணும்னா அவருக்குச் சொல்லணும். சொன்னா வேல போயிரும். வேல போனா இருக்கிற வீட்டையும் விடணும். புள்ளைகளக் கூட்டிக்கிட்டு நான் எங்கடா போவேன்?"

நான் செல்வியைப் பார்த்தேன். அவள் ஏற்கனவே கட்டிலுக்கு அடியிலிருந்து ஆயுதப் பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தாள்.

மழைக்குத் தறப்பாளைக் கட்டி, வாசலிலேயே காரைப் பிரித்தோம். என் கைக்கு நீ கை. "இடது பக்கம் திருப்பு" என்றால் வலது பக்கம் திருப்புவாய். பதினாலாம் நம்பர் ஸ்பேனரைக் கேட்டால் பன்னிரண்டைத் தந்துவிட்டு, "கிட்டத்தட்ட ஒன்னுதானே" என்பாய். உன்னை நான் ஏசிய ஏச்சுக்கு வேறு யாராக இருந்தாலும் காரை அப்படியே விட்டுவிட்டுப் பஸ் ஏறியிருப்பான். நீயோ "சரிங்க பாஸ், சரிங்க பாஸ்" என்று என்னைக் கேலி செய்துகொண்டே தண்டுகள் ஏறி இறங்கும் அந்த மெல்லிய சிலிண்டர்கள் இரண்டையும் ஒரு கீறல் விழாமல் கழற்ற உதவினாய். தண்டுகளை பாலிஷ் போட்டுத் துணியால் தேய்க்கும் வேலையை உன்னிடம் விட்டேன். பொட்டு வைத்த பாவத்துக்குப் பரிகாரம் என்று சொல்லி, முகம் தெரியும் வரை தேய்த்தாய்.

ஹட்டனில், மண் தோண்டும் பெக்கோ இயந்திரங்களுக்கு சீல் விற்கும் கடையொன்றில், அந்த அளவில் மூன்றே மூன்று இருந்தன. சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு வேண்டும், கைகாவலுக்கு ஒன்று. முதல் சீலை மடித்து உள்ளே செலுத்தும்போது என் விரல் பிடி கொடுக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினேன். கிழிந்துபோனது. ஸ்க்ரூ டிரைவரை வீசியெறிந்துவிட்டு லீக்ஸ் பாத்திக்குப் போய் நின்றேன். உன் வீடும் வேலையும் இந்தக் கையால்தான் போகப்போகின்றன என்று நினைத்தேன். அழுதேன் மச்சான். உனக்குத் தெரிந்திருக்கும்.

நீ பின்னால் வரவில்லை. சமாதானம் சொல்லவும் இல்லை. வெகுநேரம் கழித்து வாசலில் இருந்தே குரல் கொடுத்தாய்: "டீ ஆறுது. சூடா குடிச்சாத்தான் நல்லாருக்கும்."

திரும்பி வந்து கோப்பையைக் கையில் வாங்கினேன். அந்தச் சூடு விறைத்த விரலுக்கு இதமாக இருந்தது. அப்போதுதான் புத்தியில் பட்டது. எங்கள் குளிரில் அந்த சீலும் விறைத்துத்தானே கிடக்கிறது? செல்வியிடம் வெந்நீர் கேட்டு, மிச்சமிருந்த இரண்டையும் அதில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் இளகிவிட்டன. ஒன்றை இடது கையால் அவரைக்கொட்டை மாதிரி மடித்துச் சிலிண்டரின் வாயில் வைத்தேன். உள்ளே அது உட்கார வேண்டிய பள்ளமான காடி வரை நேராகத் தள்ள வேண்டும். வளைந்த விரலால் தள்ளினால் சரிந்துவிடும். என் ஆட்காட்டி விரல்தான் வளையாதே. அதை உள்ளே விட்டேன். சீல் போய்க் காடியில் உட்கார்ந்த சின்ன அசைவு விரல் நுனியில் தெரிந்தது. சிலிண்டரைப் பிடித்திருந்த நீ மூச்சையும் பிடித்துக்கொண்டிருந்தாய்.

"விட்டுரலாமா?" என்றாய் மெதுவாக.

"மூச்சயா, சிலிண்டரயா? மூச்ச மட்டும் விடு."

இரண்டாவதும் அப்படியே போனது. எல்லாவற்றையும் பூட்டி, ஒயில் ஊற்றி, உள்ளே மாட்டிய காற்று வெளியேறும் வரை ரெக்கையை ஏற்றி இறக்கினோம். முதலில் திக்கித் திக்கி வந்தது. பிறகு இரண்டு பக்கமும் ஒன்றாக, சத்தமே இல்லாமல், எழுந்து நின்றது. தறப்பாளைச் சுற்றி நின்ற லயத்து ஜனத்தில் யாரோ, "இம்புட்டுதானா? நான் பறக்கும்னுல்ல நெனச்சேன்" என்றார்கள்.

நீ மட்டும் உள்ளே போய்ச் சாமித் தட்டிலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்தாய். "டேய், கிட்ட கொண்டு வராத" என்று ரெக்கையை மறைத்துக்கொண்டு கத்தினேன். நீ ரெக்கைப் பக்கமே போகவில்லை. என் வலது கையைப் பிடித்து, மடங்காத இரண்டு விரல்களிலும் ஒவ்வொரு பொட்டு வைத்தாய்.

"ஆயுதத்துக்குத்தானே வைக்கணும். அன்னைக்கு எடம் மாறிப் போச்சு" என்றாய்.

மாத்தயா வந்த அன்று என்னையும் பங்களாவுக்குக் கூட்டிப் போனாய். ரெக்கையை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, அவர் உன்னைக் காட்டித் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "இவர் அன்னைக்கே போன்ல சொல்லிட்டாரு. சந்தனம் வச்சேன், கெட்டுப் போச்சுன்னு. நான் கொழும்புக்கு அனுப்புன்னு சொன்னேன். வேணாம், லிந்துலையில ஆள் இருக்குன்னாரு. அங்க குடுத்து இன்னும் கெட்டா நீதான் பொறுப்பு, வேலையும் இல்லன்னு சொன்னேன். சரின்னாரு."

பஸ் நிற்கும் ஹோல்ட்டுக்கு இறங்கும் வழியெல்லாம் உன்னை ஏசினேன். "ஏண்டா பொய் சொன்ன? அவருக்குத் தெரியாதுன்னு சொன்னியே?"

நீ ரோட்டோரத்துப் பைப்பில் வாயைக் கொப்பளித்துவிட்டுச் சொன்னாய்: "ஒனக்காகச் செய்யின்னா நீ படுத்துக்குவ. எனக்காகன்னாத்தான் எந்திரிப்ப. ஒன்ன எனக்குத் தெரியாதா?"

பொய்யாகச் சொன்ன ஆபத்தை என் கையை நம்பி உண்மையாகவே தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறாய். உன் பிள்ளைகள் படுத்துறங்கும் கூரையை, நானே நம்பாத இரண்டு விரல்களில் கொண்டுவந்து வைத்தாய். பெற்றவர்கள்கூட அவ்வளவு நம்ப மாட்டார்கள். செல்விக்கும் எல்லாம் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. அவளும் உன் கூட்டுதான் என்பதை அப்புறம் சொன்னாள்.

அந்த ரெக்கைக்குப் பிறகு டிப்பர் லொறிகள் வந்தன, பெக்கோக்கள் வந்தன. இப்போது லிந்துலைக் கடைத்தெருவில் "ரெக்கக்காரர் பட்டறை" எங்கே என்று கேட்டால் யாரும் கைகாட்டுவார்கள். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் நீ வந்து முதல் பொட்டை என் விரலில் வைத்த பிறகுதான் மற்ற ஆயுதங்களுக்கு. நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்த நீ எழவே இல்லை என்று உன் மகள் போனில் சொன்னபோது, நான் ஒரு டிப்பரின் சிலிண்டருக்குள் விரலை விட்டுக்கொண்டிருந்தேன். அந்த சீலை உட்கார வைத்துவிட்டுத்தான் எழுந்தேன். நடுவில் விட்டால் நீதான் ஏசுவாய்.

செல்வி தேங்காயோடு வந்து எவ்வளவோ நேரமாகிறது. இவ்வளவு எழுதும் வரை காத்திருந்தவள், இப்போது கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "அண்ணன் வச்ச மாதிரி எனக்கு வராது. கைய நீட்டுங்க" என்றாள். நீட்டினேன். ஆட்காட்டி விரலில் ஒன்று, நடுவிரலில் ஒன்று. வைத்து முடித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாசலில் ஒரு டிப்பர் ஹோர்ன் அடிக்கிறது. டிரைவர் அவசரம் என்று கத்துகிறான். இருக்கட்டும் மச்சான். இந்தச் சந்தனம் காயும் வரை நான் ஸ்பேனரைத் தொடப்போவதில்லை.