கதவுப் பக்கத்து இருக்கை

பாமா,

கோபித்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் அம்மா வீட்டிலேயே தங்கிவிட்ட பிறகு, போனில் "ஓம், சரி" என்பதற்கு மேல் நீ பேசுவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

சயந்தன் கல்யாணத்துக்கு வர லீவு கிடைக்கவில்லை என்றது பொய். உன் தம்பி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பல்வலிக்கு எடுத்த அன்டிபயோட்டிக் என் வயிற்றைக் கெடுத்துவிட்டது. கெலிஓயாவிலிருந்து கண்டிக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில்கூட, கதவுப் பக்கம் உட்கார்ந்து வழியில் பேராதனையில் இறங்கிக் கக்கூசுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்துக்கு எப்படி வருவேன்? சொல்ல வெட்கமாக இருந்தது.

வயிற்றுக்கு நல்ல கிருமி என்று பார்மசியில் தந்த குளிசையை உனக்குத் தெரியாமல் விழுங்கினேன். பலனில்லை. நீ போன பிறகுதான் டாக்டர் றஞ்சனாவிடம் போனேன். அவரும் உன் ஊர்தான். என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். பயத்தில் வெறும் பாண்தான் என்றேன்.

"கிருமியை மட்டும் உள்ளுக்கு விட்டால் காணுமே? அதுகள் தின்னுறதுக்கு என்ன குடுக்கிறீங்கள்?" என்று சிரித்தார். தயிரோடு வாழைக்காய், சின்ன வெங்காயம், பயறு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கச் சொன்னார். நீ மேசையில் வைத்து, நான் தள்ளிவிட்ட அதே கறிகள். உன் முகம் வாடியதைப் பார்த்தும் காரணத்தைச் சொல்லவில்லை.

மூன்று வாரமாக வயிறு அமைதியாக இருக்கிறது. பேராதனையில் ஒருநாளும் இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை யாழ்ப்பாண பஸ்ஸில் வருகிறேன். பதியப் போனபோது, கதவுப் பக்கத்து இருக்கை இருக்கிறது என்றார்கள். வேண்டாம், கடைசி வரிசை போதும் என்றேன். திரும்பி வர எத்தனை இருக்கை பதிய வேண்டும் என்று நீதான் சொல்ல வேண்டும்.

இனி எதையும் ஒளிக்காத,
உன் வீட்டுக்காரன்