வரிசை இல்லாத ஜகாத்

அன்பு அக்காவுக்கு, ஸலாம்.

இந்த வருஷம் பள்ளிவாசலில் ஏழைகள் ஜகாத் உதவி வாங்க வரிசை கிடையாது. முகத்தை மறைத்துக்கொண்டு யாரும் வெயிலில் நிற்க வேண்டாம். தொழிலுக்கு வேண்டியதை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். கமிட்டியில் சண்டை போட்டுத்தான் ஜெயித்தேன்.

முன்பு ஜகாத் பணத்தில் ஒரு முயற்சியாக நாங்கள் வாஷிங் மெஷின் வாங்கித் தந்த சலவைக்கார அம்மா நேற்று வந்தார். "இந்தத் தடவை நான் ஜகாத் கொடுக்கணும்மா, யார்கிட்ட கொடுக்கறது?" என்றார்.

மச்சான் கடையை மூடியதை நீ எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. நீ கேக் சுட்டு விற்க ஓவன் ஒன்று வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்கு வரும். அது என் சொந்த ஜகாத், கமிட்டிக்குத் தெரியாது. கூடப்பிறந்தவளுக்குக் கொடுத்தால் இரட்டை நன்மை. திருப்பி அனுப்பி அந்த நன்மையில் மண்ணைப் போட்டுவிடாதே.

உன் தங்கை