கப்பல் சொல்லும் நாள்

பாளையம்பட்டி,
18-6-1988.

பிரியமுள்ள ஈவா அப்பாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் ஈவாவும் இங்கே சுகம். உங்கள் சுகத்தைக் கோட்டைச்சாமி வந்து சொல்லித் தெரிந்துகொண்டேன். போர்ட் பிளேரிலிருந்து உங்கள் கையெழுத்தில் கடைசியாக வந்தது கிறிஸ்துமஸ் கார்டு. அதற்குப் பிறகு நான் போட்ட ஐந்து கடிதங்களும் கிடைத்தனவா என்று கேட்கப்போவதில்லை. இது ஆறாவது. இதில் பெரும்பாலும் ஈவாவின் பொழுதுபோக்கைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அலுப்பாக இருந்தாலும் கடைசி வரை படித்துவிடுங்கள்.

முதலில் நல்ல செய்தி. பத்தாவதில் ஐந்நூற்றுக்கு நானூற்றுப் பன்னிரண்டு வாங்கியிருக்கிறாள். அருப்புக்கோட்டையில் பிளஸ் ஒன் சேர்த்தாகிவிட்டது. மழை இல்லை. கிணற்றில் காலை ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம்தான் ஊறுகிறது.

பரீட்சை முடிந்த மறுநாளிலிருந்து ஈவாவுக்குப் பொழுது போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தபால்காரர் சோலை சைக்கிளில் நம் வீட்டைத் தாண்டிப் போனதும் எழுந்து உள்ளே வந்து படுத்துக்கொள்வாள். பதினைந்து வயதுப் பெண் பகலில் படுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. முப்பத்தாறு பிள்ளைகளை ஒரே வகுப்பில் கட்டி மேய்க்கிற எனக்கு வீட்டிலிருக்கிற ஒன்றுக்கு வழி தெரியாமல் போய்விடுமா என்று இறங்கினேன்.

ரேணுகாதேவியிடம் தையல் பழக அனுப்பினேன். ஒரே வாரத்தில் எனக்கு ஒரு ரவிக்கை தைத்துக் கொண்டுவந்தாள். இரண்டு கையும் இடது கையாக இருந்தது. கேட்டால் மிஷின் இழுக்கிறது என்கிறாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அதையே போட்டுச் சேலையால் மூடிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். அடுத்து, கோயில் பாடகர் குழுவில் சேர்த்துக்கொள்ளும்படி போதகர் வீட்டு ஐயரம்மாவைக் கேட்டேன். மூன்றாம் நாளே அவர், "பாட்டெல்லாம் அவளுக்கு வருது டீச்சர், வாயைத்தான் தொறக்க மாட்டேங்கா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

கடைசியில் அவளே ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் விட்டுவிட்டுப் போன ரேடியோ அலமாரி மேல் தூசி படிந்து கிடந்தது. அதை இறக்கித் துடைத்துச் சிற்றலையில் முள்ளை நகர்த்திக்கொண்டே இருந்தாள். ஏதோ ஒரு நாட்டுக்காரன், எங்கள் நிகழ்ச்சி எப்படிக் கேட்கிறது என்று எழுதினால் படம் போட்ட கார்டு அனுப்புவோம் என்று சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான். பம்புசெட் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற மொக்கையனிடம் போய்க் கழித்துப் போட்ட செம்புக் கம்பியை வாங்கி, முடிச்சு முடிச்சாக இணைத்து, ஓட்டு முகட்டிலிருந்து வேம்பு வரைக்கும் இழுத்துக் கட்டினாள். அப்படிக் கட்டினால் தூரத்து நிலையமெல்லாம் எடுக்குமாம்.

அதற்கென்று ஒரு நோட்டுப் போட்டாள். நிலையத்தின் பெயர், தேதி, நேரம், என்ன பேசினார்கள், எவ்வளவு தெளிவு. தெளிவுக்கு ஐந்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டுமாம். அதைப் பார்த்து அப்படியே அந்த நிலையத்துக்கு எழுதிப் போடுவாள். இலங்கை, பிலிப்பைன்ஸ், ஜெர்மனி என்று பதில் வர ஆரம்பித்தது. சோலைக்கு ஒரே பெருமை. "உங்க தெருவுக்கு வந்தா நான் சீமைக்கே போய்ட்டு வந்த மாதிரி இருக்கு டீச்சர்" என்கிறார். பெண் பகலில் படுப்பது நின்றது, இரண்டு தோசை கூடச் சாப்பிட்டாள். எனக்கும் நிம்மதி. நிம்மதி என்று நினைத்தபடி இருந்துவிட்டேன்.

மே மாதக் கடைசி வியாழக்கிழமை சாயங்காலம் அந்தத் தப்பைச் செய்தேன். கொடியில் இடமில்லை. துவைத்த சேலையைப் பிழிந்தும் பிழியாமலும் அந்தச் செம்புக் கம்பியில் போட்டுவிட்டேன். கண் முன்னால் கம்பி நீளமாகப் போனால் அதில் ஈரத்துணி போடுகிற கைதான் என்னுடையது. கனம் தாங்காமல் ஒரு முடிச்சு விட்டு, கம்பி சேலையோடு தரையில் விழுந்தது. உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "இன்னைக்குக் கப்பல் சொல்ற நாளும்மா!" என்று கத்தினாள். அவள் என்னிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. மண்ணில் கிடந்த சேலையைக்கூட எடுக்காமல் அழுதாள்.

அவள் தூங்கிய பிறகு நோட்டை எடுத்துப் பார்த்தேன். முன்பக்கமெல்லாம் சீமை. கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பினால் எல்லாம் போர்ட் பிளேர். அந்த நிலையத்தில் வியாழக்கிழமை சாயங்காலம் தமிழில் கொஞ்ச நேரம் பேசுகிறார்கள். மெட்ராஸுக்கு எந்தக் கப்பல் என்றைக்குப் புறப்படுகிறது என்று அதில் சொல்கிறார்கள். கடலுக்கு நான்கு நாள், மெட்ராஸிலிருந்து இங்கே வர இரண்டு நாள் என்று கூட்டி, சோலை என்றைக்கு நம் வீட்டில் சைக்கிளை நிறுத்துவார் என்று தேதி எழுதி வைத்திருக்கிறாள். தேதி தாண்டியதும் அடித்துவிட்டு அடுத்த கப்பல். தபால் விமானத்திலும் வருமென்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. கப்பல் என்றால் இன்னும் நாலு நாள் காத்திருக்கலாம் அல்லவா?

இன்னொன்றும் பார்த்தேன். கரகரப்பைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதிய நாளிலும் உங்கள் ஊருக்கு ஐந்துக்கு மூன்று போட்டிருக்கிறாள். பத்தொன்பது வருஷமாக மார்க் போடுகிறேன். பிடித்த பிள்ளைக்கு அப்படித்தான் கை போகும்.

நோட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். மறுநாள் கம்பியைக் கட்ட ஏணியைப் பிடித்துக்கொண்டேன். துணிக்கு வேறு கொடி கட்டினேன்.

பிறகுதான் அங்கே உங்களோடு வேலை பார்க்கிற கோட்டைச்சாமி லீவில் ஊருக்கு வந்தார். ஈவாவும் பக்கத்தில் வந்து நின்றாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று அவளே கேட்டாள். "அண்ணனுக்கு ஒரு கொறையும் இல்ல மதினி, இப்ப வெளியில சாப்பிடுறதே இல்ல, வீட்டுச் சாப்பாடுதான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். சொல்லி முடித்ததும் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். காலி டம்ளரை வாயில் வைத்துக்கொண்டு காப்பி குடிப்பதுபோல் இருந்தார். எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. ஈவாவும் கேட்கவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு போய்க் கழுவினாள்.

அதற்கடுத்த வியாழக்கிழமை ரேடியோ முன் உட்கார்ந்தாள். அந்த நேரம் வந்தது. முள்ளை உங்கள் ஊரைத் தாண்டி நகர்த்திக்கொண்டு போய் வேறெங்கோ நிறுத்தினாள். ஏன் என்று கேட்டதற்கு, "அது இப்ப சரியா எடுக்கலம்மா" என்றாள். நேற்று முன்தினமும் வியாழக்கிழமை. அந்த நேரத்துக்கு ஐயரம்மா வீட்டுக்குப் போய்ப் பாட்டு படிக்கப்போவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டாள். நானே ரேடியோவைத் திருகிப் பார்த்தேன். எனக்கு அந்த வித்தை தெரியாது, இருந்தும் எடுத்தது. துளி கரகரப்பில்லை. பக்கத்து வீட்டில் பேசுவதுபோல் இருந்தது. மழை என்றார்கள். வருகிற புதன்கிழமை கப்பல் என்றார்கள்.

அப்போதுதான் பயந்துபோனேன். அவள் காத்திருந்த மாதங்களில் எனக்கு வருத்தம் இருந்தது, பயம் இல்லை. அந்தப் பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

உங்களை வரச் சொல்லவில்லை. அந்த வீட்டைப் பற்றி எனக்கு நீங்கள் எதுவும் எழுத வேண்டாம். எனக்குத் தெரிந்தது போதும், அதை வைத்துக்கொண்டு நான் காலம் தள்ளிவிடுவேன். ஆனால் ஈவாவுக்கு எழுதுங்கள். கவரின் மேல் அவள் பெயரைப் போடுங்கள். பாஸான செய்தி கிடைத்தது என்று எழுதலாம். அங்கே மழை என்று எழுதலாம். இனி வர மாட்டேன் என்பதுதான் செய்தி என்றால் அதையே எழுதுங்கள், அவள் படிக்கும்போது நான் பக்கத்தில் இருந்துகொள்கிறேன். என்ன எழுதினாலும், கீழே அப்பா என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

கர்த்தர் உங்களையும், உங்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்களையும் காத்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
ஈவாவின் அம்மா,
இன்பராணி.