சுக்காங்கீரை மேல் விழுந்த பழி

மதினி,

இன்று காலை தெருவுக்குப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர் வந்தார். அவர் சூட்டுப் பாத்திரத்தில் தூவுகிற நவச்சாரத்தின் புகை அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. நேற்று உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த சனமெல்லாம் உங்கள் கைப்பக்குவத்தைப் புகழ்ந்து தள்ளினார்கள். நான் பந்தியில் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். செத்தவரைக் குறை சொல்லக் கூடாதாம். நீங்கள் உயிரோடு இருந்தபோதும் என்னைப் பேச விடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் உங்கள் தம்பிக்கு வாக்கப்பட்டு மதுரைக்கு வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. புருஷனை இழந்து, மகளோடு தம்பி வீட்டுக்கு வந்திருந்த நீங்கள்தான் அடுப்படிக்கு ராணி. உங்கள் மகளுக்குத் திருமங்கலத்தில் சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பெண் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் பிறகு பேச்சு மாறக் கூடாது என்பது நம் வழக்கம்.

"மாப்பிள்ளையோட அப்பாவுக்குப் புளிப்புச் சுக்காங்கீரைன்னா உசுராம். உங்க ஊருப் பக்கம் அது கிடைக்கும்ல? போய்ப் பறிச்சுட்டு வா" என்றீர்கள். நீங்கள்தான் சொன்னீர்கள், மதினி. நான் கேட்கவில்லை.

எங்கள் ஊர் சமயநல்லூரின் ரோட்டோரமும் வாய்க்கால் கரையும் எனக்குப் பாவாடை கட்டிய காலத்திலிருந்து பழக்கம். சுக்காங்கீரையை எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். இலை வேல் போல இருக்கும், கொஞ்சம் சதைப்பற்று. காம்பு தண்டில் சேருகிற கணுவில் வெங்காயச் சருகு போல ஒரு மெல்லிய உறை தண்டைச் சுற்றிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே முளைக்கிற பண்ணைக்கீரைக்கு அது கிடையாது. முற்றிய செடியில் காய்கள் மூன்று பட்டையாக, இளஞ்சிவப்புக் காகிதம் போலத் தொங்கும். இத்தனையும் பார்த்து, இலையைக் கிள்ளி மென்று, பல் கூசிய பிறகுதான் மடியில் போட்டேன். சம்பந்தக்காரர் வாயில் விழப்போகிற கீரை என்று எனக்கும் பயம் இருந்தது.

மண்சட்டியில் பருப்போடு வேகவைத்துக் கடைந்தேன். நீங்கள் வந்து எட்டிப் பார்த்தீர்கள்.

"சம்பந்தக்காரங்க முன்னால மண்சட்டியா? ஊரே சிரிக்கும்."

பரணிலிருந்து பித்தளைக் குண்டானை இறக்கினீர்கள். உள்ளே ஈயம் தேய்ந்து மஞ்சளாகத் தெரிந்தது.

"மதினி, இதுல ஈயம் போயிருச்சு. புளிப்பை ஊத்தினா களிம்பு ஏறி விஷமாயிரும்" என்றேன்.

"நேத்து வந்தவ எனக்குப் பாடம் சொல்றியாக்கும். தள்ளு."

அவர்கள் வர மத்தியானம் கழிந்துவிட்டது. காலையில் நீங்கள் ஊற்றிய கீரை அத்தனை நேரமும் அந்தக் குண்டானில் கிடந்தது. சாப்பிட்டு எழுந்த கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா வாசலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக. உங்கள் தம்பியும்தான். நான் தண்ணீர்ச் செம்போடு ஓடிக்கொண்டிருந்தேன். நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் தெரியுமா? கொல்லையில் புளியும் சாம்பலும் போட்டு அந்தக் குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள்.

தேய்த்துக் கவிழ்த்துவிட்டு வந்து நடு வீட்டில் நின்று கத்தினீர்கள்: "ரோட்டோரத்துக் களையைப் பறிச்சுப் போட்டு எங்க ஆளுகளைக் கொல்லப் பாத்துட்டாளே பாவி!"

மிச்சமிருந்த செடியைக் கொண்டுவந்து கணுவைக் காட்டினேன், காயைக் காட்டினேன். குண்டானைப் பற்றிச் சொன்னேன். "கீரை மண்சட்டியிலதான் இருந்துச்சு, பரிமாறுறப்பத்தான் குண்டான்ல ஊத்தினேன், பொய் சொல்றா" என்றீர்கள், என் முகத்துக்கு நேராக. உங்கள் மகளின் சம்பந்தம் முறிந்துவிடும் என்ற பயம் எனக்கும் புரியும். அதற்காக என் வாழ்க்கையை எடுத்துத் தின்னக் கொடுப்பீர்களா? அன்று பொழுது சாய்வதற்குள் உங்கள் தம்பி ஜட்கா வண்டி பிடித்து என்னை எங்கள் அப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டார். பதினான்கு மாசம், மதினி. வாய்க்கால் பக்கம் போனால் பொம்பளைகள், "சோத்துல மருந்து வைக்கிறவ வாரா" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். உங்கள் மகள் கல்யாணம் அதே மாப்பிள்ளையோடு ஜாம்ஜாமென்று நடந்தது. எனக்குப் பத்திரிகைகூட வரவில்லை.

பிறகு உங்கள் தம்பியே வந்து அழைத்துக்கொண்டு போனார். ஏன் வந்தார் என்று சொல்லவில்லை. என்னை நம்புகிறேன் என்றும் சொல்லவில்லை.

போன மாசம் படுக்கையில் கிடந்தபோது, "நாக்கு செத்துப்போச்சு. அந்தக் கீரையைக் கொஞ்சம் கடைஞ்சு தாயேன்" என்று கேட்டீர்கள். எந்த வாயால் கேட்டீர்கள்! சமயநல்லூருக்கு நடந்துபோய்ப் பறித்துவந்து, மண்சட்டியில் கடைந்து ஊட்டினேன். பாசமெல்லாம் இல்லை, நீங்கள் அதைத் தின்பதைப் பார்க்க வேண்டும் எனக்கு. மூன்று வாய் வாங்கிக்கொண்டு என் கையைப் பிடித்தீர்கள்.

"அன்னைக்கும் நல்லாத்தான் ஆக்கியிருந்த. அந்தக் குண்டான்தான்..."

வாசலில் உங்கள் தம்பி செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டீர்கள். அவர் உள்ளே வந்து, "என்னக்கா சொல்லிட்டு இருந்த?" என்றார். "ஒண்ணுமில்ல, தண்ணி கேட்டேன்" என்றீர்கள். இரண்டு நாளில் போயும் சேர்ந்தீர்கள்.

இனி நான் யாரிடம் சொல்ல? செத்த அக்கா மேல் பழி போடுகிறாள் என்பார் உங்கள் தம்பி. பழைய பொய்யை மன்னித்திருப்பேனோ என்னவோ, தண்ணி கேட்டேன் என்ற அந்தப் பொய்யை மன்னிக்கவே மாட்டேன்.

இன்று மத்தியானம் முருங்கைக்கீரை வைத்தேன். உங்கள் தம்பி தட்டைப் பார்த்து, "இது என்ன கீரை?" என்றார். முருங்கைக்கீரை தெரியாத ஆள் மதுரையில் உண்டா, மதினி? நான் திரும்பி வந்த நாளிலிருந்து எந்தக் கீரை வைத்தாலும் கேட்கிறார். அவர் தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்து, அவர் பார்க்க நான் முதலில் தின்கிறேன். அப்புறம்தான் அவர் கை வைக்கிறார்.